கைகாட்டியும் கைத்தொண்டும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவிலே மாணவ அங்கத்தினர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இளைஞர் பேச எழுந்தால், ஒன்று சமயத்தைப் பற்றிப் பேசுவர். அன்றேல் மொழியைப் பற்றிப் பேசுவர். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் நண்பர் சிலர் நகைத்தனர். "கோணேசப் பெருமான் கோயில் கொண்ட ஊரிற் பிறந்து, புகையிரதக் கைகாட்டி மரத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்று வினவினர். ஆம், அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதைப் பற்றிப் பேசும்போது தொண்டைப் பற்றியும் பேசாதிருக்க முடியாது என்பதை இறுதியில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறோம்.

சென்ற ஆண்டு மலரின் பொருட்டு ஊரிலுள்ள முதியவர்களைக் கண்டு குறிப்பெடுக்கும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வகையில், மலைநாட்டிலும் நம்முடைய பாதையிலுமாகப் பல நிலையங்களிற் கைகாட்டி வேலை பார்த்து இளைப்பாறிய பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். திண்ணையிலே பாய் விரித்து இருத்தி, தேநீர் தந்து, ஒரு மணி நேரம் பேசினார். நாம் எழுதியது ஒரே ஒரு பக்கம். "ஐயா, சோதனை முடிந்ததும் ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறோம், எல்லாவற்றையும் முறையாகச் சொல்லுங்கள்" என்று சொல்லி விடைபெற்றோம். சோதனை முடிந்தது. பிறகு விடுமுறை வந்தது. பிறகு விளையாட்டுப் போட்டி வந்தது. நாம் அந்தப் படலையைத் திறந்துகொண்டு மறுமுறை சென்றபோது வாசலிலே வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. நாற்பது ஆண்டு அனுபவத்தில் எம்மிடம் எஞ்சியது அந்த ஒரு பக்கம் மாத்திரமே. எமது சோம்பலுக்கு எவரையும் குறை கூற இயலாது. அந்தக் கடனை ஓரளவாவது தீர்க்கும் நோக்கமே இன்றைய பேச்சு.

நமது பாதை

அன்பர்களே! கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்கு வரும் புகையிரதப் பாதை 1927 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏறக்குறைய 70 கிலோமீற்றர் நீளமானது. காட்டையும் வயலையும் ஊடறுத்து, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா என்று வந்து, கடலோசை கேட்குமிடத்தில் முடிகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எமது துறைமுகம் பெருங் கடற்படைத் தளமாக விளங்கியபோதும், 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோதும் இந்தப் பாதை இங்கே இருந்தது. சீனக்குடா ஆலையின் கோதுமை மா இதன் வழியே நாட்டின் பிற பகுதிகளுக்குச் சென்றது. உள்நாட்டுப் போர்க்காலத்திற் பலமுறை சேவை தடைப்பட்டது. பின்னர் மீண்டது. கோணேசர் ஆலயத்துக்கு வரும் யாத்திரிகரையும், கொழும்புக்குப் படிக்கவும் வேலைக்கும் செல்லும் பிள்ளைகளையும் சுமந்தது இதுவே.

இது ஒற்றைப் பாதை. வருகிற வண்டியும் போகிற வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஓட வேண்டும். துறைமுகத்து மக்களாகிய எமக்கு இதை எளிதாக விளக்கலாம். கப்பலுக்குச் சுக்கான் உண்டு. எதிரே மற்றொரு கப்பல் வரக் கண்டால் மாலுமி சுக்கானைத் திருப்பி விலகிக் கொள்வான். புகையிரதத்துக்குச் சுக்கான் இல்லை. சாரதி எவ்வளவு வல்லவனாயினும் ஓரடி விலக முடியாது. முழு வேகத்தில் வருகிற வண்டி நிற்பதற்குப் பல நூறு மீற்றர் வேண்டும்; வளைவிலும் இருளிலும் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, தான் காணாத ஒன்றைக் குறித்து, தான் காணாத ஒருவன் தரும் சொல்லை நம்பித்தான் சாரதி வண்டியை ஓட்டுகிறான். அந்தச் சொல்லுக்குத்தான் கைகாட்டி என்று பெயர். வண்டியில் உறங்கிக்கொண்டு செல்லும் நானூறு ஐந்நூறு உயிர்கள் அந்தச் சொல்லின் மேலேதான் தலை வைத்து உறங்குகின்றன.

அந்தப் பெரியவர் சொன்ன மூன்று சொற்கள் எமது குறிப்பிலே உள்ளன. அவற்றையே மூன்று விளக்காக வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதற் சொல்: கம்பிக்கும் வெயில் சுடும்

"தம்பிமார், கம்பிக்கும் வெயில் சுடும். காலையில் இழுத்த மாதிரி மத்தியானம் இழுக்கப்படாது" என்றார் பெரியவர். நாம் அப்போது சிரித்தோம். பின்னர் பௌதிகவியற் புத்தகத்தைத் திறந்து கணக்குப் பார்த்தோம். 1,000 மீற்றர் நீளமான உருக்குக் கம்பி 15 பாகை செல்சியஸ் வெப்பம் கூடும்போது ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர் நீளும். நிலையத்திலே நெம்புகோலை இழுத்தால், கம்பி உருளைகளின் மேல் ஓடி, தூரத்திலுள்ள கைகாட்டியின் கையை அசைக்க வேண்டும். கம்பி 18 சென்ரிமீற்றர் தொய்ந்திருந்தால் நெம்புகோல் முழுதாக வந்தும் கை அரைகுறையாகவே அசையும். 'போ' என்றும் இல்லை, 'நில்' என்றும் இல்லை. ஆகவே நாள்தோறும் கம்பியின் தொய்வைத் திருத்துவது அவர் கடமை. இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவருடைய உள்ளங்கை படித்திருந்தது.

இதே பாடத்தை இங்கிலாந்திலே வைத்தியரும் ஆசிரியரும் கணக்காளரும் மாணவரும் தாமாக முன்வந்து கற்றனர் என்பதைச் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

வேல்ஸ் நாட்டிலே தலித்லின் என்றொரு சிறு இருப்புப்பாதை உண்டு. மலையிலிருந்து கற்பலகை கொண்டுவருவதற்காக 1865 ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்டது. ஏழு மைலுக்குச் சற்று அதிகம். 1950 இல் அதன் உரிமையாளர் காலமானார். பாதை மூடப்படும் என்றே யாவரும் எண்ணினர். அப்பொழுது ரொம் ரோல்ற் என்ற எழுத்தாளர், அவ்வாண்டு அக்டோபரில் பேமிங்காம் நகரிலே ஒரு கூட்டங் கூட்டி, "நாமே நடத்துவோம்" என்றார். 1951 மே மாதத்தில் தொண்டர்கள் அந்தப் பாதையில் வண்டி ஓட்டினர். உலகிலே தொண்டர்கள் காப்பாற்றி நடத்திய முதல் இருப்புப்பாதை அதுவே. 1960 இல் சசெக்ஸ் பகுதியிற் புளூபெல் பாதை பின்தொடர்ந்தது. 1963 இல் பீச்சிங் என்பாரின் அறிக்கை ஆயிரக்கணக்கான மைல் பாதையை மூடும்படி கூறியபோது, மூடப்பட்டவற்றுட் பலவற்றை ஊர்மக்களே மீட்டெடுத்தனர். செவேண் பள்ளத்தாக்குப் பாதையில் 1970 இல் தொண்டர்களின் வண்டி ஓடத் தொடங்கியது. இன்று அது 16 மைல் நீளமானது.

இயந்திரத்தை மினுக்குவதற்கு ஆட்கள் எளிதிற் கிடைப்பர். நீராவி இயந்திரத்தின் மேல் ஏறி நிற்க எந்த இளைஞனுக்குத்தான் ஆசையில்லை? ஆனால் கைகாட்டி வேலைக்கு வருபவர் சிலரே. அது புதருக்குள்ளே செய்யும் வேலை. மண்ணிற் புதைந்த உருளைகளைத் தோண்டி எடுக்க வேண்டும். துருவைச் சுரண்டி, எண்ணெயிட்டு, மீண்டும் நட வேண்டும். கைவிடப்பட்ட நிலையங்களிற் கிடந்த நெம்புகோல்களைக் கழற்றிக் கொண்டுவந்து பொருத்த வேண்டும். செவேண் பள்ளத்தாக்கிலே, பழைய கைகாட்டி அறை இடிக்கப்பட்டுப்போன ஓரிடத்துக்கு, வேறோர் ஊரில் வேண்டாததாய் நின்ற அறையைக் கொண்டுவந்து நிறுத்தினர். மழையிலும் பனியிலும், சனியும் ஞாயிறும், ஒரு சதம் கூலியின்றி இவ்வேலை நடைபெறுகிறது. அதைப் பார்க்க எவரும் வருவதில்லை. படம் எடுப்பாரும் இல்லை. கைகாட்டி சரியாக இயங்கினால் அதை யாரும் கவனிப்பதே இல்லை என்பதுதான் அவ்வேலையின் தனிச்சிறப்பு.

இரண்டாம் சொல்: கம்பி அறுந்தாலும் கை பொய் சொல்லாது

பெரியவர் சொன்ன இரண்டாவது சொல் இது. "கம்பி அறுந்தால் என்ன நடக்கும், ஐயா?" என்று நாம் கேட்டோம். "கம்பி அறுந்தாலும் கை பொய் சொல்லாது, தம்பி. தன் பாரத்தாலே 'நில்' என்ற நிலைக்குத்தான் போகும்" என்றார்.

இதன் ஆழத்தைச் சிந்தித்துப் பாருங்கள். கைகாட்டியை 1840 களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே முதலில் நாட்டினர். பிரான்சிலே மலைக்கு மலை செய்தி அனுப்பப் பயன்பட்ட கை மரங்களே அதற்கு முன்மாதிரி. 1856 இல் ஜோன் சாக்ஸ்பி என்பார் மற்றொரு முக்கியமான ஏற்பாட்டுக்கு உரிமை பெற்றார். நிலையத்திலே ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்கு வண்டியைத் திருப்பும் தண்டவாளத்துக்கு ஒரு நெம்புகோல். கைகாட்டிக்கு வேறொரு நெம்புகோல். தண்டவாளம் ஒரு பக்கம் திரும்பியிருக்க, கைகாட்டி மறு பக்கத்துக்கு 'வா' என்றால் என்னாகும்? ஆகவே நெம்புகோல்களுக்குக் கீழே இரும்புச் சட்டங்களைப் பின்னி, ஒன்று சரியான நிலையில் இராவிட்டால் மற்றொன்று அசையவே முடியாதபடி பூட்டினர். கைகாட்டிக்காரன் தவறு செய்ய நினைத்தாலும் இரும்பு இடங் கொடாது. சிவப்பு நெம்புகோல் நிறுத்துங் கைகாட்டிக்கு, மஞ்சள் முன்னறிவிக்குங் கைகாட்டிக்கு, கறுப்பு தண்டவாளந் திருப்புவதற்கு, நீலம் அதனைப் பூட்டுவதற்கு, வெள்ளை வேலையற்றதற்கு என்று பிரித்தானிய வழக்கிலே நிறமும் வகுத்தனர்.

இவை யாவும் சும்மா வரவில்லை. 1889 யூன் 12 ஆம் நாள் அயர்லாந்திலே ஆர்மா நகரிலிருந்து ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குச் சென்ற வண்டி ஏற்றத்திலே நின்றுவிட்டது. வண்டியைப் பிரித்தனர். பிரிந்த பெட்டிகள் பின்னோக்கி ஓடி, பின்னால் வந்த வண்டியில் மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் சிறுவர். ஞாயிற்றுப் பள்ளிச் சுற்றுலாவுக்குப் புறப்படும் பிள்ளைகளின் ஆரவாரத்தை மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு நன்கு தெரியும். ஆதலால் இந்தச் செய்தியை வாசித்தபோது நெஞ்சு கனத்தது. அதே ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. ஒரு பகுதியில் ஒரு வண்டி மாத்திரமே இருக்க வேண்டும். நெம்புகோல்கள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்க வேண்டும். பிரயாணிகள் வண்டியின் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒருங்கே தடை இயங்க வேண்டும் என்று விதித்தது. அந்தப் பூட்டின் ஒவ்வொரு பல்லுக்கும் பின்னால் ஒரு குழந்தையின் பெயர் இருக்கிறது.

ஆகையால், பழைய கைகாட்டியைத் திருத்துகின்ற தொண்டர் எவரும் அதை விளையாட்டாகச் செய்ய முடியாது. அவர்களுடைய பாதையில் ஓடுவது உண்மையான வண்டி. அதில் இருப்பவர் உண்மையான மனிதர். ஒரு பூட்டுச் சட்டத்தை மாற்றினால், முன்பு சரியாக இருந்தவற்றையும் சேர்த்து, எழுதி வைத்த அட்டவணைப்படி ஒவ்வொரு நெம்புகோலையும் இழுத்துப் பார்க்க வேண்டும். இழுக்க வேண்டியது வருகிறதா என்று பார்த்தாற் போதாது. வரக் கூடாதது வராமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கைகாட்டி அறையில் நிற்க விரும்பும் தொண்டர் விதிகளைப் படித்து, அனுபவசாலியின் பக்கத்தில் நின்று பழகி, சோதனையிற் சித்தியடைந்த பின்னரே தனியே விடப்படுவார். வெளியுலகிற் பெரும் பதவி வகிப்பவராயினும் விதி ஒன்றே.

இது மின்கணினிக் காலம்; இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்பீர்களாயின், 2023 யூன் 2 ஆம் நாளை நினைவூட்டுகிறோம். கல்கத்தாப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோறமண்டல் விரைவு வண்டி ஒடிசா மாநிலத்துப் பாலசோர் அருகே நேர்பாதைக்குரிய பச்சை விளக்கைக் கண்டு விரைந்து வந்தது. ஆனால் தண்டவாளமோ சரக்கு வண்டி நின்ற பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. 290 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அங்கே இருந்தது நவீன மின்னணுப் பூட்டு. சமிக்ஞைச் சுற்றிலே செய்த திருத்த வேலையில் நேர்ந்த பிழையே காரணமென விசாரணையிற் கண்டனர். சாக்ஸ்பியின் இரும்புக்கும் இன்றைய மின்னணுவுக்கும் தருமம் ஒன்றே: தொட்டதை முழுதாகச் சோதி, சோதியாமல் 'போ' என்று சொல்லாதே.

மூன்றாம் சொல்: பெயரை வாசி

மூன்றாவது சொல்லை அவர் விரலை உயர்த்திச் சொன்னார். "ரப்லெற்றைக் கையில் வாங்கியதும் பெயரை வாசிக்க வேண்டும். வாசியாமல் எவர் கையிலும் கொடுக்கப்படாது."

மலைநாட்டுப் புகையிரதத்திற் சென்றவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். நிலையத்துக்குள் வண்டி மெதுவாக நுழையும்போது சாரதி பெரிய வளையமொன்றை வெளியே நீட்டுவார். நிலைய ஊழியர் அதை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுப்பார். அந்த வளையத்தின் பையிலே வட்டமான உலோகத் தகடு ஒன்றிருக்கும். அதுவே ரப்லெற். அது கையில் இல்லாமல் அடுத்த நிலையத்துக்கு வண்டி புறப்பட முடியாது. இரண்டு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின் கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அது ஏதாவதொரு பெட்டிக்குள் திரும்பிப் போகும்வரை மற்றொரு தகடு எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. 1874 இல் இங்கிலாந்தின் நோறிச் நகரருகே தந்திச் செய்திக் குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். அதன் பின்னர் எட்வேட் ரயர் என்பார் 1878 இல் அமைத்த முறை இது. நூற்றாண்டுக்கு மேலாகியும் இலங்கை மலைநாட்டில் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்து மகிழும் காட்சியாக அது நிலைத்தது. அவர்களுக்கு அது வேடிக்கை. வண்டிக்குள் இருப்பவர்க்கோ அது உயிர்.

இத்தனை பாதுகாப்பும் இருந்தும், 1921 ஜனவரி 26 ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் அபர்மியூல் என்ற சிறு நிலையத்திலே என்ன நடந்தது? இரண்டு வண்டிகள் அங்கே சந்தித்து ஒன்றையொன்று கடக்க வேண்டும். மெதுவண்டி முதலில் வந்தது. அதன் சாரதியிடமிருந்து ரப்லெற்றை ஓர் இளைஞன் வாங்கினான். அதைப் பெட்டிக்குள் வைக்குமுன், சீட்டு வாங்கப் போகும் அவசரத்தில் பதில் நிலைய அதிபர் கையிற் கொடுத்தான். உணவருந்தி வந்திருந்த அதிபர், அடுத்த பகுதிக்குரிய புதிய ரப்லெற்றே அது என்று எண்ணிச் சாரதியிடம் நீட்டினார். சாரதியும் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். தான் கடந்து வந்த பாதையின் தகட்டையே மீண்டும் பெற்றுக்கொண்டு, எதிரே விரைவு வண்டி வந்துகொண்டிருந்த பாதையில் அவர் புறப்பட்டார். 17 பேர் மாண்டனர்.

கருவி பிழைக்கவில்லை. எதிரே வந்த வண்டியிடம் சரியான தகடு இருந்தது. தகட்டிலே நிலையங்களின் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது. மூன்று கைகள் மாறின. மூவரில் ஒருவராவது பெயரை வாசித்திருந்தால் ஒருவரும் இறந்திரார். எமது திண்ணைப் பெரியவர் அபர்மியூலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாரோ தெரியாது. ஆனால் அதன் பாடம் கையிலிருந்து கைக்கு மாறி, மலையுங் கடலுந் தாண்டி, அவர் நாவிலே இருந்தது. தலித்லின் பாதையைக் காத்த ரொம் ரோல்ற் என்பவரே 1955 இல் இருப்புப்பாதை விபத்துகளைப் பற்றிப் புகழ்பெற்ற நூலையும் எழுதினார் என்பது சிந்திக்கத்தக்கது. பழையதை நேசித்தவர் அதன் இரத்தத்தையும் அறிந்திருந்தார். வெறும் அழகுக்காகப் பழையதைப் போற்றுவோர்க்கும் அவர்க்கும் உள்ள வேறுபாடு அதுவே.

இன்னொன்றும் எமது குறிப்பில் உண்டு. பெரியவர் ஒரு நிலையத்திற் பணியாற்றியபோது அடுத்த நிலையத்திலிருந்தவர் ஒரு சிங்கள அன்பர். இருவரும் மணியடித்தே வண்டியைக் கேட்பதும் கொடுப்பதும். ஆண்டுக்கணக்காக ஒருவர் முகத்தை மற்றவர் கண்டதில்லை. "மணியடிக்கிற விதத்திலேயே அவருக்குக் காய்ச்சலோ, கவலையோ என்று எனக்குத் தெரியும்" என்றார். நாட்டிலே மனிதர் மனிதரை ஐயுற்ற காலங்களிலும் அந்த மணிக்கு மணி பதில் சொல்லியது. நம்பிக்கை என்பது இனிய பேச்சன்று. கேட்ட மணிக்குத் தவறாமற் பதில் கொடுப்பது.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே! இவ்வளவும் கேட்டபின், "எமது நாட்டில் இதற்கு என்ன இடம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கே புகையிரதப் பகுதி அரசாங்கத்துக்குரியது. தொண்டர் என்று சொல்லிக்கொண்டு தண்டவாளத்திலோ கைகாட்டியிலோ நாம் கை வைக்க முடியாது, வைக்கவுங் கூடாது. பழுது பார்த்தலின் பெருமையையும் நாம் பிற நாட்டாரிடம் மாத்திரம் கற்க வேண்டியதில்லை. 1990 இல் நின்றுபோன வடபாதையில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2014 அக்டோபர் 13 ஆம் நாள் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வந்தபோது, புதிய வண்ண விளக்குச் சமிக்ஞைகள் இந்திய உதவியோடு நாட்டப்பட்டிருந்தன. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் பேரலை பெரலியவிலே விழுங்கிய வண்டியின் 591 ஆம் இலக்க இயந்திரத்தைப் புகையிரத ஊழியர் திருத்தி மீண்டும் ஓடவைத்தனர். நினைவு நாளிலே அது அந்த இடத்துக்குச் சென்று நின்றது. 2014 திசெம்பரிலே கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. ஆகவே அடித்தளம் இல்லாமலில்லை.

வழியொன்றும் உண்டு. இலண்டனுக்கு வடக்கேயுள்ள சென்ற் அல்பன்ஸ் நகரில் 1892 இற் கட்டிய கைகாட்டி அறை ஒன்று வேலையிழந்து பாழடைந்து நின்றது. ஊர்மக்கள் 2003 இல் அறக்கட்டளை அமைத்து அதைத் திருத்தினர். பக்கத்திலே விரைவு வண்டிகள் பறக்கின்றன. ஆனால் அந்த அறையின் நெம்புகோல்கள் அவற்றைத் தொடுவதில்லை. தோட்டத்திலே நாட்டிய பழைய கைகாட்டிகளையே அசைக்கின்றன. ஊர்ப்பிள்ளைகள் வந்து இழுத்துப் பார்த்துக் கற்கின்றனர். எவர் உயிருக்கும் ஆபத்தில்லை, அறிவோ அழியவில்லை.

ஆகவே இம்மன்றத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, நமது மாவட்டத்திலே இளைப்பாறியிருக்கும் புகையிரத ஊழியர் அனைவரையும், தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி, ஒவ்வொருவராகச் சென்று கண்டு அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். 'சோதனை முடிந்ததும்' என்று எவரும் சொல்லற்க. நாம் சொன்னோம், அதன் பலனை உங்களுக்குச் சொல்லிவிட்டோம்.

இரண்டாவது, அவர்கள் வேலைத்தலத்தில் வழங்கிய சொற்களை அப்படியே எழுதி வைக்க வேண்டும். கலைச்சொல் ஆக்குவோர் மேசையிலிருந்து ஆக்கட்டும். வெயிலிலே பிறந்த சொல்லை யாராவது காக்க வேண்டுமல்லவா?

மூன்றாவது, பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட ஒரு கைகாட்டியையும் சில நெம்புகோல்களையும் உரிய அதிகாரிகளிடம் முறைப்படி விண்ணப்பித்துப் பெற்று, அவர்களின் மேற்பார்வையிலே ஒரு பாடசாலை வளவில் இயங்கும் மாதிரியாக நாட்ட வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போனால் அதற்கு நிறை மாத்திரமே உண்டு. பிள்ளைகள் முன் நின்றால் அதற்குப் பொருள் உண்டு.

நான்காவது மிக எளியது, இன்றே தொடங்கலாம். அடைத்திருக்கும் புகையிரதக் கடவையிற் குனிந்து நுழைவதையும், மோட்டார் சைக்கிளைச் சரித்துக்கொண்டு போவதையும் எமது இளைஞர் நிறுத்த வேண்டும். 2005 ஏப்ரல் 27 ஆம் நாள் யாங்கல்மோதரையிலே கடவையைக் கடக்க முயன்ற பஸ் வண்டியில் 35 பேருக்கு மேல் மாண்டதை மறவாதீர்கள். 'நில்' என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுக்காதவன் கைகாட்டியைக் காப்பது எப்படி?

நமது சமயத்திலே இதற்கு வழிகாட்டி இல்லையா? அப்பர் பெருமான் உழவாரப் படையைக் கையிலே தாங்கிக் கோயில் வீதிகளிற் புல்லைச் செதுக்கினார். பாடல் பாடியதோடு அவர் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. அடியார் கால் வைக்கும் வழியிலே முள் இருத்தலாகாது என்பதே அவர் கருத்து. வழியைச் செப்பமாக வைத்திருப்பதும் திருப்பணியே. புதருக்குள் குனிந்து உருளைக்கு எண்ணெயிடும் அந்த அந்நிய நாட்டுத் தொண்டனும், மாரிக் காற்றிலே மரத்தில் ஏறிக் கைகாட்டி விளக்கை அணையாது காத்த எமது பெரியவரும், உழவாரம் ஏந்தியவர்களே என்று சொன்னால் மிகையாகாது.

மன்றம் என்பதும் ஓர் ஒற்றைப் பாதைதான். முன்னோரிடமிருந்து ஒரு தகடு எமது கைக்கு வந்திருக்கிறது. அதை அடுத்தவர் கையிற் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுக்குமுன் அதில் என்ன பொறித்திருக்கிறது என்று வாசித்தோமா? அந்தத் திண்ணைப் பெரியவர் எமக்குத் தந்த ஒரு பக்கத்தை நாம் காலந்தாழ்த்தியே வாசித்தோம். இனி வருவனவற்றையேனும் கையில் வாங்கிய அன்றே வாசிப்போம். அடுத்த ஆண்டு இதே மேடையில், எத்தனை வீட்டுப் படலைகளைத் திறந்தோம் என்ற கணக்கை உங்கள் முன் வைப்போம். அந்தக் கணக்கிலே தவறினால் எம்மை இந்த மேடையில் ஏற்றாதீர்கள்.